தண்ணீர் போன வழி

என் மச்சானின் காரில் தண்ணீர் குறைகிறது என்று முதலில் சொன்னவர் அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர்தான். பின்னால் நடந்த பேச்சுகளில் இது யாருக்கும் நினைவில் இல்லாமல் போனதால் இங்கே முதலில் எழுதுகிறேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். பனியன் துணியை வெளுத்து, வெள்ளை ஏற்றித் தரும் சிறிய பிளீச்சிங் யூனிட் ஒன்றைத் திருப்பூரில் நடத்துகிறார். கார் ஆறு வருடம் ஓடிய டீசல் வண்டி. டிரைவருக்குத் தென்காசிப் பக்கம், வயது நாற்பதை ஒட்டி இருக்கும். யூனிட்டின் பின்சுவரை ஒட்டிய அறையில் மனைவியுடனும் ஏழாவது படிக்கும் மகளுடனும் இருந்தார். அறை வேலையோடு சேர்ந்து வந்தது. வேலை போனால் அறை போகும். அறை போனால், நடந்து போகிற தூரத்தில் இருந்த பள்ளிக்கூடமும் போகும். அவருக்கு அது நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும்.

எனக்குச் செய்தித்தாளில் மாவட்டப் பக்கம் பார்க்கும் வேலை. மதியத்துக்கு மேல்தான் அலுவலகம். காலை நேரங்களில் யூனிட்டில் போய் உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு மார்கழிக் காலையில் டிரைவர் மச்சானிடம் சொன்னார். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பாவில் தண்ணீர் தினமும் இரண்டு விரல் அளவு குறைகிறது. கீழே ஒரு சொட்டுகூட ஈரமில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் சில விநாடிகள் உதறுகிறது, பிறகு சரியாகிவிடுகிறது. புகை வெள்ளையாக வருகிறது, அதில் இனிப்பு மாதிரி ஒரு வாடை. மார்கழியில் எந்த வண்டி வெள்ளைப் புகை விடவில்லை என்று மச்சான் கேட்டார். நானும் அதை நியாயமான கேள்வியாகத்தான் நினைத்தேன்.

எங்கள் ஊரில் ரேடியேட்டருக்கு யாரும் போர் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். நிலத்தடித் தண்ணீர் அவ்வளவு உப்பு. குடிக்க வாங்கும் ஆர்.ஓ. கேனிலிருந்துதான் காருக்கும் போகும். டிரைவர் போர் தண்ணீரை ஊற்றி உள்ளே துரு ஏற்றிவிட்டார் என்பது மச்சானின் முதல் சந்தேகம். டிரைவர் டிக்கியைத் திறந்து கேனைக் காட்டினார். தண்ணீர் கீழேதான் சொட்டுகிறது, இவர் சரியாகப் பார்ப்பதில்லை என்பது இரண்டாவது சந்தேகம். அன்று முதல் டிரைவர், பனியன் அடுக்கி அனுப்பும் பெட்டியின் அட்டையைப் பிரித்து, வண்டியை நிறுத்தியதும் எஞ்சினுக்கு நேர் கீழே விரித்து வைத்தார். காலையில் எடுத்துப் பார்ப்பார். அட்டை காய்ந்தே இருந்தது. மூன்றாவது முறையாக அவர் வந்து சொன்னபோது மச்சான் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். கையால் ஆகட்டும் என்று சைகை காட்டினார்.

பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் குன்னத்தூருக்குத் துக்கம் விசாரிக்கப் போனோம். நான் முன் சீட்டில், மச்சான் பின்னால். திரும்பி வரும்போது டிரைவர் திடீரென்று வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். சூடு காட்டும் முள் சிவப்பில் நின்றது. பானெட்டைத் திறந்தோம். ஆவி இல்லை. குழாய்களில் ஈரம் இல்லை. டப்பா காலி. காலையில்தான் நிரப்பினேன் என்றார் டிரைவர்.

முள் எப்போது ஏறியது என்று மச்சான் கேட்டார். ஏற ஆரம்பித்ததுமே நிறுத்திவிட்டேன் என்றார் டிரைவர். மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, நீங்க முன்னாடிதானுங்க உக்காந்திருந்தீங்க? முள்ளு எப்ப ஏறுச்சுன்னு பாத்தீங்களா?"

நான் செல்போனில் அடுத்த நாள் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். கவனிக்கவில்லை என்றேன். பொய் இல்லை. ஆனால் டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதில் அவருக்குப் பாதகமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

வண்டியை இழுத்துக்கொண்டு திருமுருகன்பூண்டியில் இருக்கும் மெக்கானிக்கிடம் விட்டோம். அவரை எல்லோரும் பாய் என்பார்கள். யூனிட்டின் எல்லா வண்டிகளும் அவரிடம்தான் போகும். பட்டறைக்கு இரண்டு பக்கமும் சிலை செதுக்கும் கூடங்கள். காலை முதல் உளிச் சத்தம், நிற்கிற வண்டிகள் மேலெல்லாம் கல் தூசி. அவர் ரேடியேட்டர் மூடியைக் கழற்றித் தண்ணீர் நிரப்பி, மூடி இருந்த இடத்தில் அழுத்தம் காட்டும் முள் வைத்த கை பம்பு ஒன்றைப் பொருத்திக் காற்றடித்தார். கசிவு இல்லாவிட்டால் முள் அடித்த இடத்திலேயே நிற்க வேண்டும். அது மெல்ல மெல்ல இறங்கியது. டார்ச் அடித்துக் குழாய் குழாயாகத் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை. பிறகு பம்பை எடுத்துவிட்டு, மூடியைப் போடாமலே எஞ்சினை ஓடவிட்டார். ரேடியேட்டர் வாயில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன.

"வெளிய போகலீங்க மொதலாளி. உள்ளதான் எங்கியோ போகுது."

எனக்காக விளக்கியும் சொன்னார். டீசல் எரியும் சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. எஞ்சினின் உடம்புக்கும் மேலே மூடியிருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கிறது, அதுதான் கேஸ்கட். நெருப்பையும் தண்ணீரையும் பிரித்து வைப்பது அதுதான். அதில் மயிரிழை அளவு எரிந்துபோனாலும் தண்ணீர் நெருப்புக்குள் போய், புகையோடு புகையாக வெளியேறிவிடும். தரையில் சொட்டாது. உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

மச்சானுக்கு அதில் விருப்பமில்லை. ஒரு தடவை திறந்த எஞ்சின் பழையபடி ஓடாது என்பது அவர் நம்பிக்கை. குமிழிகள் புதிதாகத் தண்ணீர் ஊற்றியதால் வந்த காற்று என்றார்.

"வயித்தக் கிழிச்சுப் பாத்துட்டுத்தான் நோவச் சொல்லுவீங்களா பாய்? அதுக்கு டாக்டர் எதுக்குங்க, கசாப்புக் கடையே போதுமே."

பாய் சிரித்தார்.

கிழிக்காமல் பார்க்கும் வழியை மச்சானே கண்டுபிடித்தார். வெள்ளைப் பனியன் வெறும் வெளுப்பினால் அந்த வெள்ளைக்கு வருவதில்லை. கடைசியில் ஒயிட்னர் என்ற ஒரு ரசாயனத்தில் துணியை முக்கி எடுப்பார்கள். சாதாரண வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. ஊதா நிற யூவி விளக்கைப் பிடித்தால் நீலமாக எரியும். துணியில் வெள்ளை சீராக ஏறியிருக்கிறதா என்று லேப்பில் அந்த விளக்கை வைத்துத்தான் பார்ப்பார்கள். ஒயிட்னரைக் காரின் தண்ணீரில் கலந்து ஓட்டினால், அது எங்கே கசிகிறதோ அங்கே நீலம் தெரிய வேண்டும். வெளியே நீலம் இல்லையென்றால் ஹெட்டைக் கழற்றலாம் என்று மச்சான் சொன்னார். சரியான யோசனையாகத்தான் பட்டது. எனக்கு அதில் ஆர்வமே வந்துவிட்டது. ஞாயிறு இணைப்புக்கு நான்கு பத்தி எழுதலாம் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மச்சானும் நானும் டிரைவரும் ஒயிட்னர் பாட்டிலும் யூவி கை விளக்குமாகப் பட்டறைக்குப் போனோம். பழைய எண்ணெய் அழுக்கு இருந்தால் நீலம் தெரியாது என்று மச்சான் சொன்னதால், பாய் எஞ்சினைச் சுத்தமாகத் துடைத்தார். மூலையில் இருந்த சாக்கிலிருந்து, துடைப்பதற்கென்று வாங்கி வைத்திருக்கும் பனியன் வேஸ்ட்டைப் பிடி பிடியாக எடுத்து, ஹோஸ் இணைப்புகள், வாட்டர் பம்பின் அடிப்பாகம், அதற்குக் கீழே இருந்த இரும்புச் சட்டம் எல்லாவற்றையும் தேய்த்தார். பிறகு ஒயிட்னரைக் கலந்து இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைத்தார். ஷட்டரை இறக்கினார்கள். உள்ளே நன்றாக இருட்டிவிட்டது.

மச்சான் விளக்கைப் போட்டதும் முதலில் எரிந்தது அவருடைய வேட்டிதான். முழங்காலிலிருந்து கீழே நீலமாகப் பளீரிட்டது. என் சட்டைக் காலரும் எரிந்தது.

"மொதலாளி வேட்டியத்தானுங்க மொதல்ல ரிப்பேர் பாக்கோணும், அங்கதான் நெறையக் கசியுது," என்றார் பாய்.

எல்லோரும் சிரித்தோம். டிரைவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

மச்சான் விளக்கை எஞ்சினுக்குள் இறக்கினார். வாட்டர் பம்பை ஒட்டிய ஹோஸ் இணைப்பைச் சுற்றி மெல்லிய நீல வளையம். பம்பின் அடியில் நீலக் கோடு. அது இறங்கிக் கீழே சட்டத்தில் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. ஒரு கசிவு இறங்கி வந்த பாதை போலவே இருந்தது. பாய் விரலை வைத்துப் பார்த்தார். ஈரமில்லீங்களே, என்று முனகினார். எஞ்சின் சூட்டில் காய்ந்திருக்கும் என்றார் மச்சான்.

"நீங்க பாருங்க மாப்பிள்ளை. தெனமும் நாலு பேரு எழுதறதுல தப்புக் கண்டுபுடிக்கற கண்ணு உங்களுது. சொல்லுங்க."

நான் குனிந்து பார்த்தேன். அரை நிமிடம் ஆகியிருக்கும்.

"அங்கதான் போகுது மச்சான்," என்றேன்.

ஷட்டர் ஏறியது. மச்சான் டிரைவரிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் உயர்த்துவதில்லை. தண்ணீர் வெளியேதான் போயிருக்கிறது, அப்படியானால் தினமும் தரையில் சொட்டியிருக்கிறது, அதைப் பார்க்காமலே பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறாய் என்றார். டிரைவர் வெளியே போய், யூனிட்டிலிருந்து கூடவே கொண்டுவந்திருந்த ஒரு அட்டைக் கட்டை எடுத்து வந்தார். ஐந்தாறு அட்டைகள், சணல் போட்டுக் கட்டியவை. ஒவ்வொன்றின் மூலையிலும் பேனாவால் வரிசையாகத் தேதிகள்.

"ஒரு சொட்டு இருந்தா காட்டுங்க மொதலாளி. தெனமும் வச்சித்தான பாக்கேன்."

"ஏனப்பா, அட்டை சாட்சி சொல்லுமா? நாங்க மூணு பேரு கண்ணுல பாத்துட்டு நிக்கறம்."

டிரைவர் பாயைப் பார்த்தார். பாய் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அட்டையின் மூலையில் இருந்த தேதிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்து தெளிவாக இருந்தது.

மச்சான் அன்றே டிரைவரை வேலையிலிருந்து நிறுத்தினார். மாதக் கடைசி வரை அறையில் இருக்கலாம் என்று சொல்லியும் அவர் மூன்றாம் நாளே காலி செய்துவிட்டதாக என் மனைவி சொன்னாள். மகளின் சைக்கிளை ஆட்டோவின் மேலே கட்டிக்கொண்டு போனார்களாம்.

ஹோஸையும் வாட்டர் பம்பையும் மாற்றினார்கள். மச்சான் தானே ஓட்டினார். அதுதான் சரி செய்தாயிற்றே என்று டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை. தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் போய்விட்டார். மூன்று வாரம் கழித்து, வெள்ளகோவில் தாண்டிப் போகும்போது எஞ்சின் நின்றது. இந்த முறை அது திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை.

ஹெட்டைக் கழற்றிய அன்று நான் தனியாகப் போனேன். பாய் என்னை அழைத்து உள்ளே காட்டினார். நான்கு சிலிண்டர்களில் மூன்றின் பிஸ்டன் தலைகள் கரி பிடித்துக் கறுப்பாக இருந்தன. வரிசையில் மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன் மட்டும் புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் சொம்பு மாதிரி பளிச்சென்று இருந்தது. நாள்கணக்கில் உள்ளே போன தண்ணீர் ஆவியாகி அதைக் கழுவியிருக்கிறது. கேஸ்கட்டில் அதே சிலிண்டருக்கு நேராகக் குறுகலான கறுப்புத் தடம். தண்ணீர் போன வழி. பாய் தடத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார். இது ஒரு மாதத்தில் வந்ததில்லை, இரண்டு மூன்று மாதமாவது ஆகியிருக்கும் என்றார். உதறலும், வெள்ளைப் புகையும், இனிப்பு வாடையும் இதற்கு உரிய அடையாளங்கள்தான் என்றும் சொன்னார். டிரைவர் அவற்றை மார்கழியிலேயே, என் காதுபடவே, ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தார்.

அப்படியானால் அன்று நாங்கள் பார்த்த நீலம் என்ன என்று கேட்டேன். மச்சான் விட்டுவிட்டுப் போயிருந்த கை விளக்கு அலமாரியில் இருந்தது. பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அந்த விளக்கை எடுத்துவந்து போட்டுப் பார்த்தார். புதிதாக மாற்றிய வாட்டர் பம்பிலும் அதே நீலம் இருந்தது. பம்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு விளக்கை மெதுவாகத் திருப்பி மூலையில் இருந்த சாக்கின் மேல் அடித்தார். பனியன் வேஸ்ட் சாக்கு முழுவதும் நீலமாக எரிந்தது. அவர் விரல் இடுக்குகளில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியும் எரிந்தது.

வேஸ்ட் என்பது வெட்டிக் கழித்த புதுப் பனியன் துணி. ஒயிட்னர் ஏற்றிய துணி. அதை வைத்துத் துடைத்த இடத்திலெல்லாம், துடைத்துப் பொருத்திய புதுப் பம்பிலும்கூட, ஒயிட்னர் ஏறிய பஞ்சு ஒட்டும். எண்ணெய்ப் பசை இருக்கும் இணைப்புகளில் அதிகமாக ஒட்டும். வேறு ஊரில் பழைய லுங்கியையோ சாக்குத் துணியையோ வைத்துத் துடைத்திருப்பார்கள், அந்தச் சோதனை சரியாகவே வேலை செய்திருக்கும். இங்கே நாங்கள் கசிவைத் தேடுவதற்கு முன்னால் கசிவை எங்கள் கையாலேயே பூசியிருந்தோம்.

"வேட்டி எரிஞ்சப்பவே தோணியிருக்கோணுமுங்க," என்றார் பாய். "நாம சிரிச்சுட்டு நின்னோம்."

ஒரே ஒரு ஆள் சொன்னதை மட்டும் வைத்து ஒரு நிருபர் எழுதினால் அந்த வரியை நான் அடித்துவிடுவேன். அன்று அரை நிமிடம் குனிந்து பார்த்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

மச்சானிடம் அன்று மாலையே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் மேசைக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தப்புத்தானுங்க மாப்பிள்ளை. அதுக்கு இப்ப என்னங்க பண்றது? புது டிரைவர் குடும்பத்தோட அந்த ரூமுல வந்து இருக்கறாரு. அவர எந்திரிச்சுப் போன்னு சொல்றதுங்களா?"



டிரைவரைத் தேடிப் போக எனக்கு இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் நகரத்தின் மறுமுனையில் ஒரு சாயப்பட்டறையில் துணி மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். டிரைவர் வேலை கிடைக்கவில்லை. கேட்டுப் போகும் இடத்திலெல்லாம் முதலாளி பழைய முதலாளிக்கு ஒரு போன் போடுவார். அல்லது போன் போடாமலே தெரிந்திருக்கும். எஞ்சினை எரித்தவன் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மகள் பள்ளிக்கூடம் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. நடுவருடத்தில் எங்கும் சேர்க்கவில்லை, ஜூனில் பார்க்கலாம் என்றார்.

வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். அங்கே அவருடைய மனைவி பனியன்களில் தொங்கும் நூல் பிசிறை வெட்டிக்கொண்டிருந்தார். மகளும் ஒரு கத்தரியுடன் பக்கத்தில் இருந்தாள். நான் நடந்ததை முழுவதும் சொன்னேன். கேஸ்கட், பிஸ்டன், வேஸ்ட் சாக்கு எல்லாம். டிரைவர் பிஸ்டனைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி கேட்டார். எத்தனையாவது சிலிண்டர்? மூன்றாவது என்றேன். தலையசைத்தார்.

பிறகு ஒன்று கேட்டார். எனக்கு எழுதுகிற வேலைதானே, தன் மேல் தப்பில்லை என்று ஒரு தாளில் எழுதித் தர முடியுமா? மொதலாளி கையெழுத்துப் போட்டால் நல்லது.

மச்சான் போடவில்லை. யாராவது போன் செய்து கேட்டால் நல்லபடியாகச் சொல்கிறேன், தாளில் எல்லாம் எதற்கு என்றார். நானே எழுதிக் கையெழுத்திட்டு எடுத்துப் போனேன். எஞ்சினுக்குள் தண்ணீர் கசிந்ததை இவர் முதலிலேயே மூன்று முறை சொன்னார், இவர் மேல் தவறு எதுவும் இல்லை. சுருக்கமாக, சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தேன். டிரைவர் உரக்கப் படித்தார். அவர் மனைவி கத்தரியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"அங்கதான் போகுதுன்னு அன்னைக்கு நீங்கதான் சொன்னியளாமே?"

ஆமாம் என்றேன்.

"இவுக மேல தப்பில்லன்னு மட்டும் எழுதியிருக்கிய. தப்பு யாருதுன்னு எழுதலயே."

தாளைத் திரும்ப வாங்கி, அடியில் இன்னொரு வரி எழுதினேன். கசிவு வெளியே என்று பார்த்துத் தவறாகச் சொன்னவன் நான். மறுபடி கையெழுத்துப் போட்டேன். டிரைவர் அதை மடித்து லைசென்ஸ் வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். அவர் மனைவி அடுத்த பனியனை எடுத்தார்.

அந்தத் தாளை இரண்டு இடங்களில் காட்டியதாகப் பிறகு போனில் சொன்னார். ஓரிடத்தில் வாங்கவே இல்லை. இன்னோரிடத்தில் முழுவதும் படித்தார்களாம். படித்துவிட்டு, அதெல்லாம் இருக்கட்டும், நீ ஓட்டின வண்டியோட எஞ்சின் போனது உண்மைதானே என்று கேட்டார்களாம்.